கப்பல் கிளம்பும் அன்று போய் இறங்குவதா, முந்தின நாளே போவதா?

சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் சொகுசுக் கப்பலில் இரண்டு முறை போய் வந்திருக்கிறோம். இரண்டுமே மூன்று இரவுப் பயணம், இரண்டுக்குமே சென்னையில் விமானம் ஏறினோம். முதல் முறை, கப்பல் கிளம்பும் அன்று காலையில் கொண்டுபோய் இறக்கும் நள்ளிரவு விமானம். அடுத்த முறை, முந்தின நாளே போய் லிட்டில் இந்தியாவில் ஓர் இரவு தங்கினோம். இனிமேல் அப்படித்தான் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. அதனால் இது நடுநிலையான அலசல் அல்ல, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நள்ளிரவு விமானத்துக்கான நியாயம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஹோட்டல் செலவு மிச்சம், ஒரு நாள் லீவு மிச்சம். கப்பல் மாலை ஐந்து மணிக்கு, நாம் காலை 6.35-க்கே இறங்கிவிடுகிறோம், பிறகென்ன? நானும் இப்படித்தான் நினைத்தேன். குரோம்பேட்டைக்காரன் வேறு, வீட்டிலிருந்து மீனம்பாக்கம் பத்து நிமிடம்.

பத்து நிமிடத்தில் போய்ச் சேர்ந்தோம். அங்கே விமானம் ஏழரை மணி நேரம் தாமதம். சரியாக ஏழரை, எண்ணைப் பார்த்ததும் அம்மாவுக்குக் காரணம் புரிந்துவிட்டது. 11.50-க்குக் கிளம்ப வேண்டிய விமானம், தொழில்நுட்பக் கோளாறு என்று சொல்லிச் சொல்லி, காலை 7.20-க்குத்தான் கிளம்பியது. சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிற ஊர். நாலேகால் மணி நேரம் பறந்து இறங்கியபோது அங்கே பிற்பகல் 2.05. கப்பலுக்குப் பதிவு 3.30-க்கு முடிகிறது. குடியேற்றச் சோதனை, பெட்டிக்குக் காத்திருப்பு, டாக்சி வரிசை எல்லாம் தாண்டிக் கப்பல் முனையத்தில் நுழைந்தபோது மணி 3.22. டாக்சியில் மகள் கேட்டுக்கொண்டே வந்தாள்: “அப்பா, கப்பல் நம்மள விட்டுட்டுப் போயிடுமா?” முன் இருக்கையில் இருந்த அம்மா திரும்பாமலே சொன்னார்: “ஒரு நாள் முன்னாடியே வந்திருக்கலாம்லடா?”

இதற்குப் பிறகுதான் கணக்கை ஒழுங்காகப் போட்டுப் பார்த்தேன். விலையை அல்ல, நேரத்தை.

கப்பல் கிளம்பும் நேரத்திலிருந்து கணக்கை ஆரம்பிக்கக் கூடாது. அதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பதிவு முடியும் நேரம்தான் நம் நேரம். பொதுவாகக் கப்பல் புறப்பட ஒரு மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோ இருக்கும்போதே பதிவை மூடிவிடுவார்கள்; கப்பலுக்குக் கப்பல் இது மாறும், டிக்கெட்டிலேயே போட்டிருக்கும். எங்களுக்கு 3.30. சாங்கி விமான நிலையத்தில் இறங்கி முனையம் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் வைத்தால், இரண்டு மணிக்குள் தரை இறங்கியாக வேண்டும். இந்திய நேரப்படி 11.30. பறக்கும் நேரத்தைக் கழித்தால் சென்னையிலிருந்து காலை 7.15-க்குள் கிளம்பியாக வேண்டும். நாங்கள் 7.20-க்குக் கிளம்பினோம். பெட்டிகள் சீக்கிரம் வந்ததால் பிழைத்தோம்.

இதில் உற்றுப் பார்க்க வேண்டியது அந்த 11.50-க்கும் 7.15-க்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை. ஏழே கால் மணி நேரத்துக்குமேல், பார்த்தால் தாராளமாகத்தான் தெரிகிறது. தாமதத்துக்கு அது போதும். விமானமே ரத்தானால்? அந்த நேரத்துக்குள் கிளம்பும் வேறொரு விமானம் வேண்டும், அதில் நாலு இடம் காலியாக இருக்க வேண்டும். அரையாண்டு லீவில் நாலு இடம்! முந்தின நாள் போகிறவருக்கு இதே நெருக்கடி வந்தால் முழுதாக ஒரு நாள் கையில் இருக்கிறது. அடுத்த நேரடி விமானம், அது இல்லையென்றால் கோலாலம்பூர் வழியாக, கொழும்பு வழியாக, இல்லை திருச்சிக்குக் காரில் போய் அங்கிருந்து என்று யோசிக்கவாவது இடம் இருக்கும். விமானம் பிடிக்கும்போது நான் இப்போது கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: இது போகவில்லையென்றால், பதிவு மூடுவதற்குள் என்னைக் கொண்டுசேர்க்க இன்னும் எத்தனை விமானம் இருக்கிறது? விடை ‘ஒன்றுமில்லை’ என்றால் அந்த டிக்கெட் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

சென்னைக்காரர்களுக்கு டிசம்பரில் இன்னொரு தொல்லையும் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் விமான நிலையம் நாள்கணக்கில் மூடிக் கிடந்தது. 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலில் ஓடுபாதையில் தண்ணீர் நின்றது, மறுநாள் காலையில்தான் திறந்தார்கள். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலன்றும் விமான நிலையத்தை மூடினார்கள். மே மாதத்தில் போகிறவருக்கு இந்தப் பயம் கிடையாது. டெல்லி வழியாகச் சுற்றிப் போகும் மலிவு டிக்கெட் கண்ணில் பட்டால், டிசம்பர், ஜனவரியில் அங்கே மூடுபனி இருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விமானம் தவறினால் அடுத்ததில் ஏற்றிவிடுவார்கள், கூடுதலாகப் பணம் கட்டியாவது போய்விடலாம். கப்பலுக்கு அடுத்தது கிடையாது. நாம் வராததால் பணம் திரும்பி வராது. விமான டிக்கெட்டைத் தனியாக, கப்பல் டிக்கெட்டைத் தனியாக எடுத்திருந்தால் விமான நிறுவனத்துக்கு நம் கப்பலைப் பற்றிக் கவலையும் இல்லை. அடுத்த துறைமுகத்தில் போய்ப் பிடித்துக்கொள்ளலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். பினாங்குக்கு விமானத்தில் பறந்து, மலேசியாவுக்குள் நுழைந்து, கப்பல் நிறுவனமும் சம்மதித்து ஏறினால் மூன்று இரவில் ஒன்று போயிருக்கும். ஏழு நாள் பயணம் என்றால் யோசிக்கலாம்.

சரி, செலவு. இரண்டாம் முறை ஓர் இரவுக்கு நாலு பேர் அறை, இரவுச் சாப்பாடு, கூடுதல் டாக்சி எல்லாம் சேர்த்து முந்நூறு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஆனது, அன்றைய மதிப்பில் இருபதாயிரம் ரூபாய்க்குப் பக்கத்தில். அறை வாடகையைப் பார்க்கும்போது வரி சேர்ந்த தொகையைப் பாருங்கள். அங்கே 9 சதவீத ஜிஎஸ்டி, பல ஹோட்டல்களில் அதற்குமேல் 10 சதவீத சேவைக் கட்டணம். கப்பலுக்கு நாங்கள் கட்டியது நாலு பேருக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல். இருபதாயிரம் மிச்சம் பிடிக்க ஒன்றரை லட்சத்தைப் பணயம் வைத்திருக்கிறேன் என்பது டாக்சியில் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது.

எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் நள்ளிரவு விமானத்தில் ஒரு நஷ்டம் உண்டு, அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆறரைக்கு இறங்குகிறோம், கப்பலில் ஏற்ற ஆரம்பிப்பது பன்னிரண்டு மணிவாக்கில். அதுவரை பெட்டிகளோடு எங்கே போவது? விமான நிலையத்தை ஒட்டிய ஜுவல் வளாகத்தில் அருவியைப் பார்க்கலாம், பெட்டியைக் காசு கொடுத்து வைத்துவிட்டு ஊர் சுற்றலாம். ஆனால் தூங்காத கண்ணோடு. கப்பல் ஏறியதும் குழந்தை படுத்துவிடும், பெரியவர்களும் படுத்துவிடுவார்கள். மூன்று இரவுப் பயணத்தில் முதல் மாலை தூக்கத்தில் போனால் மூன்றில் ஒரு பங்கு போன மாதிரி.

முந்தின நாள் போவதிலும் எந்த விமானம் என்று பார்க்க வேண்டும். நள்ளிரவு விமானத்தையே ஒரு நாள் முன்தள்ளிப் பிடித்தால், காலையில் இறங்கி, ஹோட்டல் அறைக்கு இரண்டு, மூன்று மணி வரை காத்திருக்க வேண்டும். பகல் விமானத்தில் போய் மாலை இறங்குவது எங்களுக்கு ஒத்துவந்தது. குளித்து, சிராங்கூன் சாலையில் தோசை சாப்பிட்டு, வீரமாகாளியம்மன் கோயிலில் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் படுத்தாயிற்று. நள்ளிரவு பன்னிரண்டு முதல் காலை ஆறு வரை டாக்சிக்குக் கட்டணத்தில் பாதி கூடுதல், அதனால் ரொம்ப நேரம் கழித்து இறங்கும் விமானமும் வேண்டாம்.

தங்குவதற்கு மூன்று இடம் சொல்வார்கள். மரினா பே பக்கம் வாடகை எங்களுக்குக் கட்டுப்படியாகாது, தூங்குவதற்கு மட்டும் அவ்வளவு கொடுக்க மனம் வரவில்லை. விமான நிலையத்திலேயே தங்குவது, பின்னிரவில் இறங்குகிறவர்களுக்குச் சரி. மற்றவர்களுக்கு லிட்டில் இந்தியா போதும். அறை சின்னது, பெட்டியைத் திறந்து வைத்தால் நடக்க இடமில்லை. ஆனால் அம்மாவுக்கு இட்லி, எனக்குக் காபி, மறந்துபோன பல்துலக்கி முதல் செருப்பு வரை வாங்க முஸ்தபா கடை, எல்லாம் நடக்கும் தூரம். கப்பல் முனையம் அங்கிருந்து டாக்சியில் இருபது நிமிடம்.

முனையத்தின் பெயரையும் பாருங்கள். சிங்கப்பூரில் பெரிய கப்பல்கள் நிற்க இரண்டு இடம்: 2012-இல் திறந்த மரினா பே கப்பல் முனையம், அதைவிடப் பழைய ஹார்பர்ஃபிரண்ட். பழையதில் செந்தோசா கேபிள் கார் குறுக்கே போவதால் உயரமான கப்பல்கள் உள்ளே வர முடியாது. தானா மேரா ஃபெரி முனையம் வேறு இருக்கிறது, அது பாத்தாம், பிந்தான் படகுகளுக்கு. டிரைவரிடம் ‘மரினா பே’ என்று மட்டும் சொன்னால் மரினா பே சாண்ட்ஸ் ஹோட்டல் வாசலில் இறக்கிவிட வாய்ப்புண்டு. ரயிலில் போகிறவர்களும் மரினா பே ஸ்டேஷனில் இறங்கிவிடக் கூடாது, அதற்கு அடுத்தது மரினா சவுத் பியர், அங்கிருந்து பத்து நிமிட நடை. லிட்டில் இந்தியாவிலிருந்து ஒரு ஸ்டேஷன் போய் தோபி காட்டில் வண்டி மாறினால் நாலாவது ஸ்டேஷன். கைப்பையோடு போகிற இளைஞர்களுக்கு அருமையான வழி. பெரிய பெட்டியும் வயதான அம்மாவும் கூட இருந்தால் டாக்சிதான்.

டாக்சியிலும் ஒரு சங்கதி. 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள குழந்தையைக் காரில் ஏற்றினால் அதற்கான இருக்கை வேண்டும் என்பது அங்கே சட்டம். சாதாரண டாக்சிக்கு விலக்கு உண்டு, செயலியில் கூப்பிடும் தனியார் வாடகைக் காருக்கு இல்லை. மகளைப் பார்த்ததும் ஒரு டிரைவர் கையை விரித்துவிட்டுப் போய்விட்டார். பெட்டிகளை எண்ணிக்கொள்ளுங்கள், சாதாரண டாக்சியில் பெரிய பெட்டி இரண்டுதான் உட்காரும். ஆறு பேர் உட்காரும் வண்டி வேண்டும் என்று வரிசையிலேயே கேட்டு வாங்கலாம்.

முனைய வாசலில் பெட்டிகளை வாங்கிக்கொண்டுபோய் அறை வாசலில் வைத்துவிடுவார்கள், ஆனால் சாயங்காலம்தான் வந்து சேரும். முதல் பயணத்தில் அவசரத்தில் அம்மாவின் சர்க்கரை மாத்திரை பெரிய பெட்டியில் போய்விட்டது. அதே பெட்டியில் மின்சாரக் கெட்டிலும் இருந்தது. கெட்டில், இஸ்திரிப் பெட்டி எல்லாம் கப்பலில் கூடாது. பெட்டி வரவில்லையே என்று விசாரித்தால், கீழே ஓர் அறையில் இஸ்திரிப் பெட்டிகளுக்கும் குக்கர்களுக்கும் நடுவே எங்கள் பெட்டி உட்கார்ந்திருந்தது. பாதிப் பேர் நம் ஊர்க்காரர்கள். இரண்டாம் முறை ஹோட்டலில் ராத்திரி நிதானமாக உட்கார்ந்து மாத்திரை, பாஸ்போர்ட், ஒரு மாற்றுத்துணி எல்லாவற்றையும் கைப்பைக்கு மாற்றினாள் மனைவி.

கப்பல் பினாங்கு, புக்கெட் என்று சுற்றிவிட்டு மறுபடி சிங்கப்பூருக்கு வரும்போது நாம் இரண்டாவது முறையாக நாட்டுக்குள் நுழைகிறோம். விசா பலமுறை நுழைவதற்கானதா என்று முதலிலேயே பார்த்துவிட வேண்டும். வருகை அட்டையை இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும், அதற்குக் காசு கிடையாது. காசு கேட்டால் அது அரசின் தளம் அல்ல.

காப்பீடு எடுத்தால் இந்தத் தலைவலியே இல்லையே என்பவர்கள் உண்டு. விமானத் தாமதத்துக்கு இத்தனை மணி நேரத்துக்கு இவ்வளவு என்று கொடுப்பது வேறு, கப்பலைத் தவறவிட்டதற்குக் கொடுப்பது வேறு. இரண்டாவது நம் பாலிசியில் இருக்கிறதா என்று படித்துப் பார்க்க வேண்டும். நான் எடுத்திருந்தேன், கேட்டு வாங்கும் நிலை வரவில்லை. அதனால் அதில் அனுபவம் என்று சொல்ல ஒன்றுமில்லை. கப்பல் நிறுவனம் வழியாகவே விமானம், ஹோட்டல் எல்லாம் சேர்த்து எடுக்கும் பேக்கேஜிலும் நான் போனதில்லை. சக்கர நாற்காலியோடு போகிறவர்கள் அதைக் கேட்டுப் பார்க்கலாம்.

திரும்பும்போது மட்டும் என் கட்சி மாறிவிடுகிறது. கப்பல் காலையில் கரைக்கு வந்துவிடும், பத்து மணிக்குள் எல்லாரையும் இறக்கிவிடுவார்கள். அன்றைக்கே ஊர் திரும்ப ஹோட்டல் தேவையில்லை. பிற்பகல் இரண்டு மணிக்குப் பிந்திய விமானமாக இருந்தால் போதும். கப்பல் வந்து சேரத் தாமதமானாலும் அடுத்த விமானம் இருக்கிறது. நாங்கள் இரண்டு முறையும் இரவு விமானம்தான் பிடித்தோம். பகலெல்லாம் லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தைப் பக்கம் சுற்றிவிட்டு, அம்மா கேட்ட வெற்றிலையை வாங்கிக்கொண்டு சாங்கி போய்ச் சேர்ந்தால், இரண்டாம் முறை அந்த விமானமும் ஒன்றரை மணி நேரம் தாமதம். அம்மா வெற்றிலையைப் பிரித்துக்கொண்டு, “இருக்கட்டும், வீட்டுக்குத்தானே” என்றார்.