ஹெண்டன் மாப், டிரான்ஸ்ஃபர்மார்க்ட்: ஒரே ஆளை இரண்டு தளத்திலும் தேடிப் பார்த்தேன்

கால்பந்து பார்க்கிறவர்களுக்கு, ஆட்டக்காரர்கள், கோச்சுகள், ஆட்டங்கள் பற்றிய கணக்கையெல்லாம் பதிந்து வைக்கும் டிரான்ஸ்ஃபர்மார்க்ட் தளம் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. போக்கர் என்ற சீட்டாட்ட உலகத்தில் கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்கிற தளம் தி ஹெண்டன் மாப். இரண்டையும் காசு கொடுக்காமல் பார்க்கலாம். எது எதற்கு உதவும் என்று தெரிந்துகொள்ள இரண்டிலும் தடம் பதித்த ஒருவரைத் தேடிப் பார்ப்பதுதான் நல்ல வழி, அதற்கு இங்கிலாந்துக் கால்பந்து ஆட்டக்காரர் டெடி ஷெரிங்காமை விடப் பொருத்தமான ஆள் இல்லை. 1999 சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் மான்செஸ்டர் யுனைடெட்டின் மாற்று ஆட்டக்காரராக இறங்கி, இஞ்சுரி டைமில் பேயர்ன் மியூனிக்குக்கு எதிராகச் சமன் செய்தவர், சோல்ஷர் அடித்த வெற்றி கோலுக்கும் தலையால் பந்தைத் தட்டிக் கொடுத்தவர். நாற்பது வயதுக்கு மேலும் பிரீமியர் லீகில் கோல் போட்டார். 2008-ல் ஓய்வு. அப்புறம் பெரிய போக்கர் போட்டிகள், அதற்கும் அப்புறம்தான் கோச் வேலை.

முதலில் ஹெண்டன் மாப். பார்னி போட்மன், ராஸ் போட்மன், ஜோ பீவர்ஸ், ராம் வாஸ்வானி என்ற நான்கு பிரிட்டிஷ் ஆட்டக்காரர்கள் தங்கள் குழுவுக்கு வைத்துக்கொண்ட பெயர் அது, அவர்கள் தொடங்கிய தளம்தான் இன்று நேரடிப் போக்கர் போட்டிகளின் பதிவேடாக நிற்கிறது. ஒரு பெயரைப் போட்டால் எந்தப் போட்டி, எத்தனையாவது இடம், எவ்வளவு பரிசு என்று வரிசையாக வந்துவிடும். ஷெரிங்காம் பக்கத்தில் பெரிய வரி 2010-ல் போர்ச்சுகலின் விலமோராவில் நடந்த ஐரோப்பிய போக்கர் டூர் போட்டி: ஐந்தாவது இடம், 93,121 யூரோ. போட்டியின் பெயரைத் தட்டினால் இறுதி மேசையில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் தெரிவார்கள், அந்தப் போட்டியை வென்றவர் டோபி லூயிஸ். ஓய்வு பெற்ற பிரபலங்கள் படம் எடுத்துக்கொள்ள வந்து உட்காரும் மேசை இல்லை அது. உள்ளே போகவே ஐயாயிரம் யூரோவுக்கு மேல் கட்ட வேண்டும்.

ஆனால் ஒன்றை நன்றாக மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தத் தளத்தில் பரிசு கிடைத்த போட்டிகள் மட்டும்தான் இருக்கும். பத்துப் போட்டிக்குப் பணம் கட்டி ஒன்பதில் வெறும் கையோடு எழுந்து வந்தவருக்கும் அந்த ஒரு வெற்றிதான் காட்டும், கட்டிய பணத்தைக் கழிப்பதும் கிடையாது. மேலே பெரிதாக நிற்கும் மொத்தத் தொகையை லாபம் என்று படிக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அது லாபம் இல்லை. ஒருவர் ஆடினாரா, எந்த அளவு உயரத்துக்குப் போனார் என்று தெரிந்துகொள்ள இதை விட நல்ல இடம் இல்லை. அவர் நல்ல ஆட்டக்காரரா என்று முடிவு கட்ட இது மட்டும் போதாது.

டிரான்ஸ்ஃபர்மார்க்ட் அப்படி எதையும் மறைக்காது. கோச்சாக ஒருவர் தோற்ற ஒவ்வொரு ஆட்டமும் அங்கே கிடக்கும். ஷெரிங்காமின் கோச் வாழ்க்கை சின்னதுதான். 2014-ல் வெஸ்ட் ஹாமில் சாம் அலர்டைஸுக்குக் கீழே முன்கள ஆட்டக்காரர்களுக்கான பயிற்சியாளர், 2015-ல் இங்கிலாந்தின் நான்காம் அடுக்கில் இருந்த ஸ்டீவனேஜுக்கு மேனேஜர், அணி 19-வது இடத்தில் இருந்தபோது 2016 பிப்ரவரி 1 அன்று வேலை போனது. அடுத்து 2017-ல் நம் இந்தியன் சூப்பர் லீகில் (ஐஎஸ்எல்) கொல்கத்தாவின் ஏடிகே அணிக்குக் கோச். அதற்கு முன் இரண்டு முறை கோப்பை வென்ற அணி. பத்து ஆட்டம், மூன்று வெற்றி, மூன்று சமன், நான்கு தோல்வி, 12 புள்ளி. 2018 ஜனவரி 24 அன்று அங்கேயும் அனுப்பிவிட்டார்கள்.

சென்னை ரசிகர்கள் அந்தப் பத்தில் ஒன்றை மறந்திருக்க மாட்டார்கள். 2017 டிசம்பர் 7, நேரு ஸ்டேடியம். சென்னைக்கு ஜேஜே முதல் கோல், ஏடிகே சமன், 84-வது நிமிடம் சென்னையின் கால்டெரோன் ஒன்று, 89-ல் ஏடிகேயின் குகி மறுபடியும் சமன். சரி, டிரா என்று எல்லோரும் நினைத்த அடுத்த நிமிடமே ஜேஜே இன்னொன்று, சென்னையின் எஃப்சி அணிக்கு 3-2 வெற்றி. கடைசி நிமிட கோலால் உலகப் புகழ் பெற்ற மனிதர் எதிர் அணி பெஞ்சில் இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டத்தின் பக்கத்தைத் திறந்து கோல்கள் விழுந்த நிமிடங்களை வரிசையாகப் படித்தாலே இப்போதும் படபடப்பு வருகிறது.

எனக்கு இந்தத் தளம் ஏன் பிடிக்கும் என்றால், வெற்றி தோல்விக் கணக்கோடு நிற்காமல் தோண்டிப் பார்க்க விடுகிறது. அந்த வருட ஏடிகே அணியின் பட்டியலில் வயதுகளைப் பாருங்கள்: கோல்கீப்பர் யூஸி யாஸ்கலைனனுக்கு 42, ராபி கீனுக்கு 37. அப்படியே அவர்கள் பழைய கிளப்புகளைத் தட்டிக்கொண்டே போனால், கீன் டாட்டன்ஹாமில் ஷெரிங்காமோடு சேர்ந்து ஆடியவர், யாஸ்கலைனன் வெஸ்ட் ஹாமில் அவர் பயிற்சியாளராக இருந்தபோது அங்கே இருந்தவர் என்பது தெரியவரும். தெரிந்த முகங்களை வைத்து அணியைக் கட்டியிருக்கிறார்கள், அந்த முகங்களுக்கு வயதாகிவிட்டது, கீன் காயத்தால் ஆரம்ப ஆட்டங்களில் இறங்கவும் இல்லை. இதையெல்லாம் எண்கள் தானாகச் சொல்லாது, ஆனால் தேடுகிறவருக்கு வழி விடுகிறது.

இன்னும் முக்கியமானது, அவர் போன பிறகு நடந்தது. ஆஷ்லி வெஸ்ட்வுட் பொறுப்பேற்றார், கடைசியில் கீனே ஆடிக்கொண்டே கோச்சாகவும் இருந்தார். ஏடிகே சீசனை முடித்தது 18 ஆட்டத்தில் 16 புள்ளியோடு, ஒன்பதாவது இடத்தில். கழித்துப் பாருங்கள், ஷெரிங்காம் இருந்த பத்து ஆட்டத்தில் 12, அவர் இல்லாத எட்டில் வெறும் 4. "சீட்டாடப் போயிருக்கலாம், கோச் வேலை எதுக்கு" என்று அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்ததே இல்லை என்று தோன்றுகிறது. அவர் பெரிய கோச் என்று நானும் சொல்லவில்லை, ஸ்டீவனேஜ் கணக்கு அதற்கு இடம் தராது. ஆனால் கொல்கத்தாவில் கெட்டுப்போனது முழுவதையும் அவர் தலையில் கட்டியது அநியாயம்.

குறை என்றால், டிரான்ஸ்ஃபர்மார்க்டில் ஆட்டக்காரர்களுக்குப் போடும் சந்தை மதிப்பு ஒரு மதிப்பீடு மட்டுமே, அதை உண்மையான விலை மாதிரி எடுத்துக்கொண்டு சண்டை போடாதீர்கள். ஹெண்டன் மாப் போக்கர் ஆடுகிறவர்களுக்கான தளம் என்பதால் அங்கிருந்து பணம் கட்டி ஆடும் தளங்களுக்குப் போய்விடத் தோன்றலாம். இங்கே அதற்கு 2025-ல் மத்திய அரசே சட்டம் போட்டுத் தடை விதித்துவிட்டது, வீட்டில் பிள்ளைகள் இருந்தால் கொஞ்சம் கவனம். இரண்டிலும் தமிழ் கிடையாது.

நேரம் குறைவு என்றால் டிரான்ஸ்ஃபர்மார்க்டை மட்டும் திறங்கள். தேடும்போது ஒன்று: ஷெரிங்காம் என்று போட்டால் அவர் மகன் சார்லியும் வருவார், டெடிக்கே ஆட்டக்காரர் பக்கம் ஒன்று, கோச் பக்கம் ஒன்று என்று தனித்தனியாக இருக்கும். ஏடிகே கணக்கு வேண்டும் என்றால் இரண்டாவதைத் தட்டுங்கள்.