உயர அணியா, ஓட்ட அணியா?

மதுரைப் பக்கம் பாஸ்கெட்பால் நாக்-அவுட் போட்டிகளில் வார்ம்-அப் நடக்கும்போதே கேலரியில் தீர்ப்பு சொல்லிவிடுவார்கள். ஆறரை அடி சென்டர் (கூடைக்குப் பக்கத்தில் ஆடும் நெடியவர்) எந்தப் பக்கமோ, ஜெயம் அந்தப் பக்கம். பெரும்பாலும் பலிக்கவும் செய்யும். அப்போ சின்ன அணிக்கு வழியே இல்லையா? அமெரிக்க பாஸ்கெட்பால் லீக்கான என்.பி.ஏ.வின் பிளே-ஆஃபில், அதாவது லீக் முடிந்தபின் நாலு ஆட்டம் முதலில் ஜெயிப்பவர் முன்னேறும் தொடர்களில், எட்டாம் இடத்து அணி முதலிடத்து அணியைச் சாய்த்த இரண்டு தொடர்களைப் பார்ப்போம்.

2007-ல் டல்லாஸுக்கு லீக்கில் 67 வெற்றி, கோல்டன் ஸ்டேட்டுக்கு 42. பட்டியலைப் பார்த்தால் பேச்சே இல்லை. ஆனால் அந்த சீசனில் இருவரும் மோதிய மூன்று ஆட்டங்களிலும் ஜெயித்தது கோல்டன் ஸ்டேட்தான். அவர்களுடைய கோச் டான் நெல்சன் முன்பு டல்லாஸ் கோச். டல்லாஸின் நட்சத்திரம் ஏழடி நோவிட்ஸ்கியின் ஆட்டம் அவருக்கு அத்துப்படி. உயரம் குறைந்த ஸ்டீபன் ஜாக்சனை நோவிட்ஸ்கியோடு ஒட்டவிட்டு, மற்றவர்களை ஓடவிட்டார். தொடர் 4-2 என்று கோல்டன் ஸ்டேட்டுக்கு.

2023-ல் மயாமி, பிளே-ஆஃபின் கடைசி இடங்களுக்கான பிளே-இன்னில் ஒரு ஆட்டம் தோற்று, அடுத்ததை ஜெயித்து உள்ளே வந்தது. எதிரே 58 வெற்றி பெற்ற மில்வாக்கி. அதன் நட்சத்திரம் யான்னிஸ் முதல் ஆட்டத்திலேயே முதுகில் அடிபட்டு, அடுத்த இரண்டில் இறங்கவில்லை. அதிர்ஷ்டம் என்று ஒதுக்கிவிடலாம் என்றால், மில்வாக்கி ஜெயித்த ஒரே ஆட்டம் அவர் இல்லாத ஆட்டம்! நாலாவது ஆட்டத்தில் மயாமியின் ஜிம்மி பட்லர் 56 பாயிண்ட் அடித்தார். தொடர் 4-1 என்று மயாமிக்கு.

மயாமி வழிக்கு ஒரு பட்லர் வேண்டும். அவருக்கு எங்கே போவது? கோல்டன் ஸ்டேட் வழிக்குத் திட்டமும் மூச்சும் போதும். நம்மூர்ச் சின்ன அணிக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

நமக்கு ஒரு சாதகமும் உண்டு. ஒரு ஆட்டத்தில் ஜெயிக்க 40 சதவீத வாய்ப்புள்ள அணிக்கு, ஏழு ஆட்டத் தொடரை ஜெயிக்கும் வாய்ப்பு சுமார் 29 சதவீதம்தான். நாக்-அவுட்டில் ஒரே ஆட்டம், 40 முழுசாக நிற்கும்.

பாதகம் ரூல்ஸில் இருக்கிறது. என்.பி.ஏ.வில் தடுக்கும் சென்டர், யாரையும் மார்க் பண்ணாமல் கூடைக்கு முன்னே மூன்று விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது. நாம் ஆடும் ஃபிபா (உலக பாஸ்கெட்பால் சம்மேளனம்) விதியில் அந்தத் தடை இல்லை. நெடியவர் தடுக்கும்போதெல்லாம் கூடைக்குக் கீழேயே நிற்கலாம். அவரை வெளியே இழுக்க மூணு பாயிண்ட் ஷாட் விழ வேண்டும். இல்லையென்றால் பந்தோடு நேராக அவர்மேலேயே டிரைவ் பண்ணி அவரை ஃபவுல் செய்ய வைக்க வேண்டும். என்.பி.ஏ.வில் ஆறாவது ஃபவுலில்தான் ஆள் வெளியே, இங்கே ஐந்தோடேயே வெளியே.

முதல் குவார்ட்டரிலேயே சென்டருக்கு ரெண்டு ஃபவுல் விழுந்தால் என் காசு ஓட்ட அணிமேல். வெளியிலிருந்து ஷாட் விழாத நாளாக இருந்தால், சரி, கேலரி சொன்னதுதான் நடக்கும்.