பேக்கனா, கலிலியோவா, இப்னு அல்ஹைதமா?

‘அறிவியல் முறை எப்படிப் பிறந்தது?’ ஒன்பதாம் வகுப்புக்கு இதற்கென்று எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு பாடவேளை. மூவரில் ஒருவருக்குத்தான் நேரம். கலிலியோவை எடுத்தேன்.

ஆங்கிலேய மெய்யியலாளர் பிரான்சிஸ் பேக்கனை விட்டதில் வருத்தமில்லை. 1620-இல் வந்த ‘நோவம் ஆர்கனம்’ நூலில், வெப்பம் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை, எங்கே கூடிக் குறைகிறது என்று பட்டியல் போட்டு, வெப்பம் ஒருவகை அசைவு என்கிறார். நல்ல ஊகம்தான். ஆனால் அளந்து பார்க்க அதில் எதுவும் இல்லை.

எனக்கு ஒரே கேள்வி: படித்தவன் தானும் செய்து பார்த்துக்கொள்ள முடியுமா?

1638-இல் நெதர்லாந்தின் லெய்டனில் அச்சான நூலில் கலிலியோ செய்முறையையே எழுதிவைத்திருக்கிறார். சுமார் 12 முழ மரச்சட்டத்தில் காடி வெட்டி, உள்ளே வழுவழுப்பான தோல்தாள் ஒட்டி, வெண்கலக் குண்டை உருட்டினார். கடிகாரம்? தண்ணீர்தான். குண்டு ஓடும் நேரத்தில் மெல்லிய குழாய் வழியே விழுந்த தண்ணீரைப் பிடித்துத் தராசில் நிறுத்தார். கால்வாசித் தூரத்துக்குச் சரிபாதி நேரம்.

இவ்வளவு துல்லியம் இந்தக் கருவிகளில் வராது என்று வரலாற்றாசிரியர் அலெக்சாண்டர் கொய்ரே கைவிரித்தார். 1961-இல் தாமஸ் செட்டில் அதேபோல் தண்ணீரால் நேரம் அளந்து செய்து பார்த்தார், வந்தது.

நானும் பார்த்தேன். இரண்டு மீட்டர் அலுமினியச் சட்டம், ஒரு முனைக்கு அடியில் நாலைந்து நோட்டு, கோலிக்குண்டு, அடியில் ஓட்டை போட்ட பால்பவுடர் டின். ஓட்டையை விரலால் அடைத்துத் திறக்க வேண்டும். டின்னில் தண்ணீர் மட்டம் இறங்காமல் ஒரு பையன் ஊற்றிக்கொண்டே இருந்தான். முழு நீளத்துக்கு 46 கிராம் தண்ணீர், அரை மீட்டருக்கு 24. சரிவு அதிகமானால் என்ன ஆகும் என்று பார்க்கவில்லை. அவ்வளவு வேகத்துக்கு என் விரல் ஈடுகொடுக்குமா என்பது சந்தேகம்.

இப்னு அல்ஹைதமை ஒதுக்கியதுதான் உறுத்துகிறது. ஒளியை ஆராய்ந்த அரபு அறிஞர், கலிலியோவுக்கு 600 ஆண்டு முந்தியவர். இருட்டறைக்கு வெளியே பல விளக்குகளை வைத்து, துளை வழியே சுவரில் விழும் ஒளிப்புள்ளிகளைப் பார்த்தார். ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய புள்ளி மட்டும் மறையும். இதையும் யாரும் செய்து பார்க்கலாம், தராசுகூட வேண்டாம். எங்கள் வகுப்பறை ஜன்னலுக்குத்தான் கதவில்லை.