நாலு மணி நிழல்: ஷீட்டா, கீற்றா, பச்சை வலையா, புங்கனா?

சேலத்தில் கடைக்கு முன்னால் நிழல் வேண்டுமென்றால் யாரும் ஆர்க்கிடெக்ட்டைத் தேடி வருவதில்லை. வெல்டிங் பட்டறைக்கு ஒரு போன் போட்டால் போதும், மறுநாள் நாலு பைப்பும் நீலத் தகர ஷீட்டும் வந்து இறங்கிவிடும். செவ்வாய்பேட்டைப் பக்கம் தட்டுவடை செட் (இரண்டு தட்டுவடைக்கு நடுவே துருவிய காய் வைத்துத் தருவது) போடுகிற அக்கா எங்களைக் கேட்டதற்குக் காரணம், எங்கள் ஆர்க்கிடெக்ட் ஸ்டூடியோவில் இருக்கிற மூன்று பேரும் சாயங்காலமானால் அவர் கடையில்தான் நிற்போம். பத்தடி உயரத்தில், சுவரிலிருந்து ஆறடி வெளியே நீட்டி, சரிவு பார்த்து, தண்ணீர் வடியத் தகரக் காவாய் வைத்து ஒரு ஷீட் இறக்கிக் கொடுத்தோம். வெயில் ஏறாத மாசி வரைக்கும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

சித்திரை பிறந்து ஒரு வாரம் இருக்கும். அக்கா கூப்பிட்டுக் காட்டினார்: "தம்பி, உங்க ஷீட்டு நிழலு கீழ இல்லீங்க. பாருங்க, பல்லி மாதிரி சுவத்துல மேல ஏறிக் கிடக்குது."

மணி நாலு. துருவிய பீட்ரூட், கேரட் மேல் போட்டிருந்த ஈரத்துணி காய்ந்து அப்பளமாக விறைத்திருந்தது. ஷீட்டுக்கு அடியில் ஒரு ஆள் இல்லை. தட்டு வாங்கியவர்கள் எல்லோரும் தெருவைத் தாண்டிப் போய், எதிரே இருக்கும் காலி மனையின் மூலையில் நிற்கிற புங்கனின் நிழலில் நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நாங்கள் போட்ட நிழல், சுவரில் ஆறடிக்கு மேலே ஒரு பட்டையாகக் கிடந்தது.

கணக்குப் போட்டால் அப்படித்தான் வரும். சேலம் ஏறத்தாழ 11.66 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. வருடத்தில் இரண்டு முறை, ஏப்ரல் 20-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 22-ஐ ஒட்டியும், சூரியன் இங்கே நேர் உச்சிக்கு வருகிறது, மதியம் 12.15-க்கு மேல் கொஞ்ச நேரம் கம்பத்துக்கு நிழலே இருக்காது. (இடைப்பட்ட நாலு மாதம் உச்சி வெயில் வடக்குப் பக்கம் சாய்ந்து நிற்கும். வடக்குச் சுவருக்கு சன்ஷேடு எதற்கு என்று கேட்பவர்களுக்கு நாங்கள் ஜூன் மாதத்தைத்தான் காட்டுவோம்.) சூரியன் உச்சிக்கு வரும் நாட்களில் மதியம் பத்தடி உயரக் கூரையின் நிழல் காலடியிலேயே விழும். இரண்டு மணிக்கு ஐந்தடி போல நகரும். நாலு மணிக்குச் சூரியன் மேற்கே 35 டிகிரி உயரத்துக்கு இறங்கிவிடும். நிழல் 14 அடி கிழக்கே போயிருக்கும். அக்கா கடை மேற்குப் பார்த்த கடை. நிழல் 14 அடி போகப் பின்னால் இடமில்லை, ஆறடியிலேயே சுவர் வந்துவிடுகிறது. அதனால் நிழல் சுவரில் ஏறிவிட்டது.

அதற்கப்புறம் எங்களுக்கு நிழலைத் தவிர வேறு பேச்சே இல்லை. ஒரு பெட்டி சாக்பீஸ் வாங்கிக்கொண்டு நகரத்தில் கண்ட நிழல்களையெல்லாம் 12 மணிக்கு ஒரு தடவை, 2 மணிக்கு ஒரு தடவை, 4 மணிக்கு ஒரு தடவை தரையில் கோடு போட்டு வைத்தோம். அம்மாபேட்டையில் ஒரு தெருவில் நாங்கள் போட்ட கட்டங்களில் பிள்ளைகள் பாண்டி ஆடினார்கள். தறி நெய்கிற அதே தெருப் பெரியவர் ஒருவர், பாவு (தறியில் ஏற்றும் நீள நூல்) நீட்டுவதை ஏன் விடிகாலையிலேயே முடிக்கிறார்கள் என்று சொன்னார்: வெயில் ஏறினால் கஞ்சி போட்ட நூல் சட்டென்று காய்ந்து பட்டுப்பட்டென்று அறுந்துவிடுமாம். தறிக்காரர்கள் நிழலை நேரமாகப் பார்க்கிறார்கள். கூரை போடுகிற நாங்கள் அதை இடமாக மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தோம்.

இனி ஒவ்வொன்றாக. முதலில் ஷீட். மழைக்கு ஷீட்டை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஒரே நாளில் நிற்கும், பல வருடம் உழைக்கும், கழற்றி வேறு இடத்துக்கும் கொண்டு போகலாம். வெயிலுக்குத்தான் அது துரோகம் செய்கிறது. சித்திரை மதியத்தில் தகரத்தின் சூடு 60 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். அந்தச் சூடு கீழே நிற்பவன் தலையில் அப்படியே இறங்கும். எட்டடி உயரத்தில் ஷீட் போட்ட கடைக்குள் நுழைந்தால் நெற்றி முதலில் சுடுவது இதனால்தான். நீலம், சிவப்பு வேண்டாம், வெள்ளை எடுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறோம். ஏற்கெனவே போட்டாயிற்றா, மேலே சுண்ணாம்பாவது அடியுங்கள். பத்தடிக்குக் கீழே எந்த ஷீட்டையும் இறக்காதீர்கள். ஊருக்குள் பலர் பழைய ஷீட்டின் மேல் கீற்றைப் பரப்பி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பார்க்க அலங்கோலமாக இருக்கும். ஆனால் மழைக்கு ஷீட், வெயிலுக்குக் கீற்று என்று இரண்டுக்கும் வேலையைப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். எந்தக் கல்லூரியிலும் படிக்காமல் செய்த அருமையான டிசைன் அது.

கீற்றுக்கு நாங்கள் மூவருமே அடிமை. ஓலையைத் தண்ணீரில் ஊறப்போட்டு முடைந்து, சவுக்குக் கம்பில் ஒன்றின் மேல் ஒன்று ஏற்றிக் கட்டினால், அடுக்குகளுக்கு நடுவே காற்று தங்கும். சூடு கீழே இறங்காது. பொழுது சாய்ந்ததும் கூரை சீக்கிரம் ஆறிவிடும். ஒன்றிரண்டு வருடத்தில் மாற்ற வேண்டும் என்பதைப் பெரிய குறையாக நான் நினைக்கவில்லை. வருடா வருடம் பந்தல்காரருக்கு வேலை. ஆனால் ஒரு விஷயத்தில் விளையாட முடியாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக்கூடக் கூரை பற்றி எரிந்து 94 பிள்ளைகள் போனார்கள். அடுப்பு எரிகிற கடைக்கும், பிள்ளைகள் உட்காரும் இடத்துக்கும் கீற்று கேட்டு யார் வந்தாலும் நாங்கள் முடியாது என்றுதான் சொல்கிறோம். எவ்வளவு பிரியப்பட்டுக் கேட்டாலும் முடியாது.

பச்சை வலை கோடைக்கு வந்து போகிற விருந்தாளி. நாற்றுப் பண்ணைக்கென்று செய்தது. 50, 75, 90 சதவீத நிழல் என்று தரம் பிரித்து விற்கிறார்கள். காற்று உள்ளே புகுந்து போகும், கனமில்லை, இரண்டு பேர் இருந்தால் அரை நாளில் கட்டிவிடலாம். சிக்னலில் கட்டுகிறவர்கள் லாரி போக வேண்டுமே என்று 18 அடி உயரத்தில் கட்டுகிறார்கள். மதியம் ஒரு மணி வரை பைக்கில் நிற்பவருக்கு அது பெரிய உபகாரம். நாலு மணிக்கு அந்த நிழல் 25 அடி தள்ளிப் போய், சிக்னலே இல்லாத இடத்தில் விழும். மேற்கேயிருந்து வருகிற வெயிலுக்கு மேலே கட்டிய வலை என்ன செய்யும்? மே மாதக் கோடைமழைக் காற்றில் ஒரு மூலை பிய்த்துக்கொண்டால் மிச்ச நாளெல்லாம் கம்பியில் கிழிசலாகத் தொங்கும். பிளாஸ்டிக் இழை தெருவெல்லாம் உதிரும். ஆனால் இதே வலையை மேலே விரிக்காமல் மேற்கே திரைச்சீலை மாதிரித் தொங்கவிட்டால் கதையே வேறு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மேம்பாலத்தையும் போட்டியில் சேர்க்க வேண்டும் என்று ஸ்டூடியோவில் ஒருவர் பிடிவாதமாக இருந்தார். ஐந்து ரோட்டில் 2020-இல் திறந்த ஈரடுக்குப் பாலத்தின் அடியில் மதியம் ஆட்டோவும் பழவண்டியும் எப்படிக் கூடுகின்றன என்று பார்த்தால் அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பாலம் நல்ல உயரம் என்பதால் சாயங்கால வெயில் பக்கவாட்டில் நுழைந்துவிடும், பகலில் குடித்த சூட்டைக் கான்கிரீட் இருட்டிய பிறகு திருப்பித் தரும். சரி, ஓசியில் கிடைத்த நிழல், இருக்கட்டும்.

புங்கனுக்கு வருவோம். மற்ற எல்லாம் வெயிலை மறைக்கின்றன. மரம் மறைத்துவிட்டுக் குளிரவும் வைக்கிறது. இலை தண்ணீரை ஆவியாக விட்டுக்கொண்டே இருப்பதால் தகரம் மாதிரிச் சூடேறாது. புங்கன் மாசி பங்குனியில் இலையைக் கொட்டிவிட்டு, சித்திரை வெயில் வருவதற்குள் பளபளவென்று புது இலை விட்டுத் தயாராக நிற்கும். கிளை தாழ்ந்து குடை மாதிரி இறங்குவதால் நாலு மணி வெயிலும் உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. வேம்பும் நல்லதுதான், ஆனால் அதன் நிழல் கொஞ்சம் சல்லடை. குல்மொஹர் தெருவுக்கு அழகு. கடும் வெயிலில் இலையில்லாமல் நிற்பதால் கடைக்கு உதவாது.

மரத்தின் குறை எல்லோருக்கும் தெரியும். நட்டால் நிழல் வர ஐந்தாறு வருடம் ஆகும். அதைவிட எனக்கு மனசு கொதிப்பது வேறொன்று. நாங்கள் கோடு போட்ட ஒரு தெருவில் பேவர் பிளாக்கை அடிமரத்தின் பட்டை வரைக்கும் நெருக்கி அடித்திருந்தார்கள். மரத்தைச் சுற்றி ஒரு கை மண் இல்லை. குனிந்து தொட்டுப் பார்த்தேன், வேர் கல்லைத் தூக்கி விரிசல் விட்டிருந்தது. சுற்றி மூன்றடிக்கு மூன்றடி மண் விட்டிருந்தால் கல்லும் பிழைத்திருக்கும், மரத்துக்கும் மழைத்தண்ணீர் கிடைத்திருக்கும்.

இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காட்டுக்குப் போனால் நிழலை எப்படி வளர்ப்பது என்று பார்க்கலாம். காபிக்கு மேல் சில்வர் ஓக்கும் பலாவும் நிற்கும், ஓக்கில் மிளகுக்கொடி ஏறியிருக்கும். மழைக்காலம் தொடங்கும் முன்பு நிழல் மரத்தின் கிளைகளை அளவாகக் கழித்து வெளிச்சம் விடுவார்கள். கோடைக்குள் மறுபடி தழைத்துவிடும். கீழே ஊருக்குள் நாம் கம்பியில் படுகிறது என்று சித்திரையிலேயே மொட்டையடிக்கிறோம்.

அப்படியானால் எது? மூன்றடி மண் கிடைத்தாலும் புங்கன்தான், நான் மாற்றிச் சொல்ல மாட்டேன். நடவேண்டியது கடைக்கு மேற்கே. அடுப்பில்லாத இடம், மண்ணும் இல்லை என்றால் கீற்று. மழைக்கு ஷீட் அவசியம் என்பவர்கள் வெள்ளை ஷீட்டைப் போட்டு, மேற்கு விளிம்பில் செங்குத்தாக ஒரு தட்டி தொங்கவிடுங்கள், இல்லையென்றால் வலையை இரண்டாக மடித்துக் கட்டுங்கள். பத்தடி ஷீட்டின் விளிம்பிலிருந்து மூன்றரை அடி இறக்கினால் போதும், சுவரில் ஆறடியில் கிடந்த நிழல் இரண்டரை அடிக்குள் வந்துவிடும். ஷீட்டை இன்னும் நாலடி வெளியே நீட்டினாலும் கிடைக்காத பலன் இது. வலையை இருட்டியதும் சுருட்டி வைத்தால் இன்னும் இரண்டு கோடைக்கு வரும்.

அக்கா கடைக்கு மூங்கில் தட்டி கட்டினோம். தட்டுவடை வண்டிக்கு முன்னால் இடுப்பளவு வரை, ஆட்கள் நிற்கிற பக்கம் தலைக்கு மேல் ஒரு சாண் இடம் விட்டு. காலி மனைக்காரரிடம் கேட்டு, பழைய புங்கனுக்குப் பக்கத்தில் இன்னொரு கன்றும் வைத்தோம். தட்டு கழுவுகிற தண்ணீரை அக்கா அதற்குத்தான் ஊற்றுகிறார். போன வாரம் நாலு மணிக்குப் போனபோது ஈரத்துணி ஈரமாகவே இருந்தது. ஐந்து பேர் உள்ளே நின்றிருந்தார்கள். ஆறாவதாக எனக்கு இடம் இல்லை, தட்டை வாங்கிக்கொண்டு எதிரே புங்கனுக்குப் போனேன்.