பிரியென்ஸ் ஏரிக்கரையில் 4 இரவுகள்

சுவிட்சர்லாந்தின் இன்டர்லாக்கன் ஓஸ்ட் ஸ்டேஷனில் ரயில் மாறினால் சுமார் 20 நிமிடத்தில் பிரியென்ஸ். அங்கே ஸ்டேஷனிலிருந்து நாங்கள் வாடகைக்கு எடுத்த வீட்டுக்கு நடைதான், ஆனால் கடைசி ஏற்றத்தில் அம்மாவுக்கு மூச்சு வாங்கிவிட்டது. மரவீடு, இரண்டாம் மாடி. பால்கனிக் கதவைத் திறந்ததும் அம்மா, "தண்ணியில யாரோ சாயத்தைக் கலந்துட்டாங்கடா" என்றார். பனியாறுகள் பாறையை அரைத்துக் கொண்டுவரும் மாவுதான் அந்த நீலப்பச்சைக்குக் காரணம். நேரத்துக்கு நேரம் நிறம் மாறுகிறது. பாதி நாள் பால்கனியிலேயே போய்விட்டது.

சமையலறையில் குக்கர் இல்லை, சரி, சாதத்தை வடித்துக்கொண்டோம். தாளிக்கும் முன் ஜன்னலைத் திறந்து வையுங்கள். நாங்கள் மறந்தோம், புகை அலாரம் ஊரைக் கூட்டிவிட்டது. ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் கிடையாது. பால், தயிரைச் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். படுக்கை சுகம், வைஃபை மந்தம். வாடகை கையைக் கடித்தது. ஆனாலும் அம்மா அடுத்த வருடத்துக்கு இதே வீட்டைத்தான் கேட்கிறார்.