ப்ரோ ஃபுட்பால் ரெஃபரன்ஸ்: கர்ட் வார்னரின் பக்கத்தை வைத்து ஒரு மதிப்பீடு

அமெரிக்கக் கால்பந்தின் புள்ளிவிவரங்களைத் தொகுத்துத் தரும் ‘ப்ரோ ஃபுட்பால் ரெஃபரன்ஸ்’ தளத்தைச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். கட்டணம் கிடையாது, விளம்பரங்களைப் பொறுத்துக்கொண்டால் போதும். பல நிபந்தனைகளை ஒன்றாகச் சேர்த்துத் தேட உதவும் ‘ஸ்டாட்ஹெட்’ என்ற பகுதிக்குத்தான் சந்தா கட்ட வேண்டும். அது இல்லாமலேயே ஒரு சாதாரண ரசிகரின் தேவை தீர்ந்துவிடும். சீராக ஆடி ஓய்வுபெற்ற ஒருவரின் பக்கத்தை வைத்து இத்தகைய தளத்தை எடைபோட முடியாது. ஏறி, விழுந்து, மறுபடியும் ஏறிய ஒருவருடைய பக்கத்தைத் திறந்தால்தான் அட்டவணை எதைக் காட்டுகிறது, எதை விட்டுவிடுகிறது என்பது புரியும். அணியின் தாக்குதலை நடத்திப் பந்தை வீசும் குவார்ட்டர்பேக்குகளில் அதற்குக் கர்ட் வார்னரைவிடப் பொருத்தமான ஒருவர் எனக்குத் தெரிந்து இல்லை.

அவருடைய அட்டவணையின் முதல் வரி 1998ஆம் ஆண்டுக்கு உரியது: செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணி, ஒரே ஓர் ஆட்டம், 11 வீச்சுகளில் 4 மட்டும் சக வீரர் கையில் சேர்ந்தன, 39 கெஜம். அடுத்த வரி 1999: 4,353 கெஜம், 41 டச்டவுன் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்த்துப் புள்ளி பெறுவது), 13 இன்டர்செப்ஷன் (வீச்சை எதிரணி பறித்துக்கொள்வது), 13 வெற்றி, 3 தோல்வி. என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீகிலேயே முதலிடம் பிடித்த எண்களைத் தளம் தடித்த எழுத்தில் காட்டுவதால், இந்த இரண்டு வரிகளுக்கும் இடையே உள்ள பாய்ச்சல் கண்ணை உறுத்தும் அளவுக்குத் தெரிகிறது. ஆனால் பெரும்பாலோர் கவனிக்காமல் தாண்டிச் செல்லும் வயது என்ற சிறிய நெடுவரிசையில்தான் கதையின் முடிச்சு இருக்கிறது. கல்லூரியை முடித்து 22, 23 வயதில் லீகுக்குள் நுழைவதே வழக்கமாக இருக்கும்போது, வார்னரின் முதல் வரியில் 27 என்று இருக்கிறது.

இடைப்பட்ட ஆண்டுகளைப் பற்றி அட்டவணை வாய் திறப்பதில்லை. வடக்கு அயோவா பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டில்தான் முதன்மை இடம் கிடைத்த வார்னரை 1994இல் கல்லூரி வீரர்களை லீக் அணிகள் தேர்ந்தெடுத்தபோது எந்த அணியும் எடுக்கவில்லை. பயிற்சி முகாமுக்கு அழைத்த கிரீன் பே பேக்கர்ஸ் அணியும் விரைவிலேயே அனுப்பிவிட்டது. சீடர் ஃபால்ஸ் நகரில் ஒரு ஹை-வீ பேரங்காடியில், மணிக்கு 5.50 டாலர் கூலிக்கு, இரவு நேரத்தில் அலமாரிகளில் சரக்கு அடுக்கினார். பிறகு உள்ளரங்கக் கால்பந்தில் அயோவா பார்ன்ஸ்டார்மர்ஸ், அதன்பின் ஐரோப்பிய லீகில் ஆம்ஸ்டர்டாம் அட்மிரல்ஸ். 1999இல் புதிதாக உருவான கிளீவ்லாந்து அணி மற்ற அணிகள் விட்டுக்கொடுத்த வீரர்களிலிருந்து ஆள் எடுத்தபோது, ராம்ஸ் அவரைப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்கவில்லை. கிளீவ்லாந்தும் அவரைச் சீண்டவில்லை. பருவம் தொடங்கும் முன்பே ராம்ஸின் முதன்மை குவார்ட்டர்பேக் ட்ரென்ட் கிரீனின் முழங்கால் தசைநார் கிழிந்ததால் மட்டுமே அந்த இடம் அவருக்கு வந்தது. இவ்வளவும் தெரிந்தவருக்குத்தான் அந்த 27 என்ற எண் பேசும். இது தளத்தின் குற்றம் என்று சொல்ல மாட்டேன்; பேரேட்டில் வாழ்க்கைக் குறிப்பைத் தேடுவது நம்முடைய பிழை.

நான் உண்மையாகக் குறை காண்பது வேறோர் இடத்தில். 2001இல் 4,830 கெஜமும் 36 டச்டவுனும் எடுத்து இரண்டாம் முறையாக லீகின் மிகச்சிறந்த வீரர் விருதை வென்றவர், 2002இல் முதன்மை குவார்ட்டர்பேக்காகக் களமிறங்கிய ஆறு ஆட்டங்களிலும் தோற்று, 3 டச்டவுனும் 11 இன்டர்செப்ஷனுமாகச் சரிந்தார். வீசும் கையின் விரலும் முறிந்தது. அந்த வரி வீழ்ச்சியை ஒளிக்காமல் சொல்கிறது. அதற்கடுத்த 2003ஆம் ஆண்டு வரியோ ஒரு டச்டவுன், ஒரு இன்டர்செப்ஷன், 72.9 ரேட்டிங் என்று சுமாரான கணக்கைத்தான் காட்டுகிறது. உண்மையில், நியூயார்க் ஜயன்ட்ஸுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் அவர் ஆறு முறை பந்தைக் கைநழுவ விட்டார், தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சிக்கும் உள்ளானார். முதன்மை இடம் சக குவார்ட்டர்பேக் மார்க் பல்ஜரிடம் போய்விட்டது. 1973 முதல் லீகில் வழங்கிவரும் ‘பாசர் ரேட்டிங்’ நான்கு விகிதங்களால் ஆனது: சேர்ந்த வீச்சுகள், ஒரு வீச்சுக்கான கெஜம், டச்டவுன், இன்டர்செப்ஷன். அதன் உச்சம் 158.3. கைநழுவிய பந்து அதற்குக் கண்ணிலேயே படாது. தளத்தில் அந்தக் கணக்கு இல்லாமல் இல்லை. வீச்சு அட்டவணையில் இடம் தராமல், கீழே ஓட்டத்துக்கும் பந்து பிடிப்பதற்கும் உரிய அட்டவணையில் அதை வைத்திருக்கிறார்கள். ஒரு குவார்ட்டர்பேக் ஏன் வேலை இழந்தார் என்று தேடி வருபவர் அங்கே போய்ப் பார்ப்பாரா என்பது சந்தேகமே.

2004இல் ஜயன்ட்ஸ் அணிக்காக ஒன்பது ஆட்டங்களைத் தொடங்கி, இளைஞரான ஈலை மேனிங்குக்கு இடம் விட்டு, 2005இல் அரிசோனாவுக்குப் போன கட்டத்தை அட்டவணையில் வேகமாகக் கடந்துவிடலாம். பிந்தைய எழுச்சியை முழுதாகப் பார்க்க இறுதிச் சுற்று ஆட்டங்களுக்கான தனி அட்டவணைக்குப் போக வேண்டும், ஏனெனில் முதன்மை அட்டவணையில் அந்த ஆட்டங்கள் சேர்வதில்லை. 2008இல் அரிசோனா 9 வெற்றி, 7 தோல்வி என்ற சாதாரணக் கணக்கோடு உள்ளே நுழைந்த அணி. ஆனால் அந்த இறுதிச் சுற்றின் நான்கு ஆட்டங்களில் வார்னர் 1,147 கெஜமும் 11 டச்டவுனும் எடுத்தார். லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலில் 377 கெஜம் வீசியும் பிட்ஸ்பர்க்கிடம் 27-23 என்று தோற்றார். முதல் பாதியின் கடைசி நொடிகளில் ஜேம்ஸ் ஹாரிசன் அவருடைய வீச்சைப் பறித்து 100 கெஜம் ஓடியது வீரரின் அட்டவணையில் ‘இன்டர்செப்ஷன் 1’ என்று அடங்கிப்போகிறது. அந்த ஆட்டத்துக்கான தனிப் பக்கத்தில்தான் அதன் கனம் தெரிகிறது.

என் கணிப்பில் தளத்தின் உண்மையான செல்வம் இந்த ஆட்டப் பக்கங்களே. ஒரு வீரரின் மொத்தப் பங்களிப்பை மதிப்பிடத் தளம் தானாக வகுத்த ‘அப்ராக்ஸிமேட் வேல்யூ’ என்ற ஒற்றை எண்ணை நான் பொருட்படுத்துவதே இல்லை. புதிதாக வருபவர்கள் 2010 ஜனவரி 10 அன்று கிரீன் பே அணியோடு நடந்த ஆட்டத்திலிருந்து தொடங்கலாம்: 33 வீச்சுகளில் 29 சேர்ந்தன, 379 கெஜம், 5 டச்டவுன். தவறிய வீச்சுகளைவிட டச்டவுன்கள் ஒன்று அதிகம். கூடுதல் நேரத்தில் 51-45 என்று முடிந்த அந்த ஆட்டத்தைத் தீர்மானித்தது கிரீன் பே குவார்ட்டர்பேக் ஆரன் ராட்ஜர்ஸின் கைநழுவிய பந்து. அதைக் காண இங்கேயும் வீச்சு அட்டவணைக்குக் கீழே இறங்கிப் போக வேண்டும்.