பொது வருங்கால வைப்பு நிதி: டெல்டா விவசாயக் குடும்பங்களுக்கு எவ்வளவு தூரம் உதவும்?

ஐம்பது வயதுக்குள் பிறர் கையை எதிர்பாராமல் வாழ வழி தேடும் தஞ்சை, திருவாரூர், மயிலாடுதுறை மாவட்டக் குடும்பங்கள், நகை, மனை, ஏலச்சீட்டு ஆகியவற்றில் பணத்தைப் போடுவதற்கு முன்பே அஞ்சலகத்தில் பி.பி.எஃப். எனப்படும் பொது வருங்கால வைப்பு நிதிக் கணக்கு ஒன்றைத் தொடங்கிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இதன் வட்டிக் கணக்கு நம் பகுதியின் பணவரவோடு பொருந்துவதைப் பலரும் கவனிப்பதில்லை. ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதிக்கும் மாதக் கடைசிக்கும் இடையே இருக்கும் மிகக் குறைந்த இருப்புக்கே வட்டி கணக்கிடப்படுவதால், ஏப்ரல் 5க்குள் முழுத் தொகையையும் செலுத்துபவருக்கு அந்த ஆண்டின் 12 மாத வட்டியும் கிடைக்கும். தையிலும் மாசியிலும் சம்பா அறுவடை முடிந்து, நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்கான பணம் பெரும்பாலும் கைக்கு வந்திருக்கும் நேரம் அது. குறுவைப் பணம் வந்த பிறகு மீதியைக் கட்டவும் தடையில்லை. ஓராண்டில் அதிகபட்சம் 1.5 லட்சம் ரூபாய் செலுத்தலாம். மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்கப்படாமல் குறுவை கைவிட்டுப்போகும் ஆண்டில் வெறும் 500 ரூபாய் செலுத்தியே கணக்கை நடப்பில் வைத்திருக்கலாம். விளைச்சலை நம்பி வாழ்பவருக்கு இது பெரிய ஆறுதல்.

ஆனால் இது மட்டுமே போதாது. வட்டி விகிதத்தை அரசு காலாண்டுதோறும் நிர்ணயிக்கிறது. 2020 ஏப்ரலில் அது 7.1 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. அந்த விகிதத்தில் ஆண்டுத் தொடக்கத்திலேயே 1.5 லட்சம் வீதம் 15 ஆண்டுகள் கட்டினால், கட்டிய 22.5 லட்சம் ஏறத்தாழ 40.68 லட்சமாகும். விலைவாசி ஆண்டுக்கு 5 விழுக்காடு உயர்ந்தால் அதன் இன்றைய மதிப்பு 20 லட்சத்துக்கும் சற்றுக் குறைவே. ஆண்டுச் செலவைப் போல் 25 மடங்கு சேர்த்தால் ஓய்வு பெறலாம் என்று பரவலாகச் சொல்லப்படும் கணக்கோ, அமெரிக்கச் சந்தையையும் 30 ஆண்டு ஓய்வுக் காலத்தையும் வைத்துப் போடப்பட்டது. ஐம்பதுக்கு முன்பே ஓய்வு பெறுபவர் அதைவிடக் கூடுதலாகவே சேர்க்க வேண்டும். ஆகவே கணவனும் மனைவியும் தனித்தனிக் கணக்கு வைத்துக்கொள்வதோடு, நீண்ட காலத்துக்குத் தொட வேண்டியிராத பணத்தில் ஒரு பகுதியை, பங்குச்சந்தைக் குறியீட்டில் உள்ள பங்குகளையே வாங்கி வைக்கும் குறியீட்டு நிதிகளிலும் போட்டு வருவது நல்லது.

வருமான வரிச் சலுகைக்காகவே இத்திட்டத்தைப் பரிந்துரைப்பவர்கள், வேளாண் வருமானத்துக்கு வரியே இல்லை என்பதை மறந்துவிடுகிறார்கள். உழவர் மதிக்க வேண்டிய சிறப்பு வேறு: கடனுக்காக நீதிமன்றம் ஆணையிட்டாலும் இந்தக் கணக்கை ஜப்தி செய்ய முடியாது.

15 ஆண்டு முடிந்து கணக்கு முதிர்ந்த பின் புதிதாகப் பணம் கட்டாமல் கணக்கை அப்படியே தொடரவிட்டால், இருப்புக்கு வட்டி சேர்ந்துகொண்டிருக்க, ஆண்டுக்கு ஒருமுறை வேண்டிய தொகையை எடுத்துக்கொள்ளலாம். ஓய்வூதியம் இல்லாத வீட்டில் அதையே ஓய்வூதியமாக்கிக்கொள்ளலாம். தொடர்ந்து பணம் கட்ட விரும்புபவர், முதிர்ந்த ஓராண்டுக்குள் ஐந்தாண்டு நீட்டிப்புக்கான படிவத்தைத் தவறாமல் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காமல் கட்டும் தொகைக்கு வட்டி கிடைக்காது.